சுண்டுவிரல் பிடி

என்னவளே,

எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, அவசரமாய் எழுதுகிறேன்! இங்கே மடத்துக் கோயிலின் பலிபீடத்துக்கு ஓவியம் வரைவதால், மடத்து மருத்துவமனையில் இறந்தவர்களை அறுத்துப் பார்க்க எனக்கு அனுமதி. இன்று ஒரு நெசவாளியின் முன்கைத் தசைநாணை இழுத்தேன். விரல்கள் மடங்கி என் விரலைப் பிடித்துக்கொண்டன!

மடத்துச் சாமியார் பால்தசாரே சிலுவை போட்டுக்கொண்டு, தானும் இழுத்துப் பார்த்தார். "அடேயப்பா! ஆண்டவர் என்னமா கோத்து வச்சிருக்காரு!"

ஓடி வந்து, படத்தில் மாதா மடியில் இறந்து கிடக்கும் இயேசுவின் கையை மாற்றி வரைந்தேன். அதைக் கண்டதும் அவரே கத்தினார்: "யோவ், செத்த கை பிடிக்குமாய்யா? மாத்தலேன்னா படமே வேணாம்!"

மாற்ற மாட்டேன். அந்தக் கை தாயின் சுண்டுவிரலை மட்டும் பற்றியிருக்கிறது. பிராத்தோவில் உன் அம்மா வீட்டிலிருந்து ஒருமுறை வந்து பார். அது யார் பிடி என்று உனக்கே தெரியும்.

நம் பிள்ளை போன பிறகும் அவன் தொட்டிலை நான் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.

உன்னவன்