இடது பக்கம் வந்த பந்து

அண்ணாச்சி,

நேற்று சாத்தூர் போகிற ரயிலில் எதிரே இருந்த அம்மாள் மஞ்சள் கம்பளி நூலில் பிள்ளைக்குத் தொப்பி பின்னிக்கொண்டு வந்தார். நூல் உருண்டை நழுவி என் காலடிக்கு வந்தது. எடுத்தேன், திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. நாம் ஆடிய பூப்பந்தின் அதே மஞ்சள், அதே கம்பளி வாசம். அந்த அம்மாள் ஒரு மாதிரியாகப் பார்த்த பிறகுதான் கொடுத்தேன்.

நீங்கள் பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றும் மேஸ்திரி. நான் அச்சாபீசில் அச்சுக் கோர்ப்பவன். சாயங்காலமானால் இருவரும் ஒரே அணியில் மட்டை பிடித்து நிற்போம். வயது முப்பத்தாறு ஆனபோது உங்கள் இடது கண் மங்கத் தொடங்கியது. என்னிடம் மட்டும் சொன்னீர்கள். "எடத்துப் பக்கம் வாரத நீ பாத்துக்கோலே. வெளிய தெரிய வேண்டாம்." இரண்டு வருடம் பார்த்துக்கொண்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

அப்புறம் அகில இந்தியப் போட்டிக்கு மாநில அணி எடுத்தார்கள். மதுரையில் தேர்வு. உங்கள் பெயர் உறுதி, என் பெயர் இல்லை என்று பேச்சு அடிபட்டது. தேர்வுக் குழுவில் இருந்த ஒருவர் காபிக் கடையில் என்னைப் பார்த்து, அண்ணாச்சிக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று சாதாரணமாகத்தான் கேட்டார். நான் கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டேன். உங்கள் நல்லதுக்குத்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பச்சைப் பொய். நீங்கள் விலகினால் அந்த இடம் எனக்கு வரும் என்று நினைத்தேன், அண்ணாச்சி. வரவில்லை. முன்பின் தெரியாத எவனுக்கோ போயிற்று.

ஊர் கொதித்தது. இத்தனை வருடம் ஆடியவரைக் காரணமே சொல்லாமல் ஒதுக்கிவிட்டார்கள், எல்லாம் சிபாரிசு என்றார்கள். கண்டன நோட்டீஸ் அடிப்பது என்று முடிவாயிற்று. வாசகம் எழுதுவதும் அச்சுக் கோர்ப்பதும் என் தலையில் விழுந்தது. எல்லோரையும்விடச் சூடாக நான்தான் எழுதினேன். இன்றுவரை இவர் கண்ணுக்குத் தப்பி ஒரு பந்தும் போனதில்லை என்று ஒரு வரியும் சேர்த்தேன்.

புரூப் பார்க்க நீங்களே வந்தீர்கள். தலையைச் சாய்த்து வலது கண்ணால் படித்துக்கொண்டே வந்தவர், அந்த வரியில் விரலை வைத்தீர்கள்.

"இத எடுத்துருலே. பொய்யில்லா இது? ஒனக்கும் எனக்கும் தெரியுமே." பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ யார்ட்டயும் மூச்சு விடலைல்லா, அம்புட்டுப் போதும் எனக்கு" என்றீர்கள்.

அந்த வரியின் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எழுத்துப் பெட்டியில் அதனதன் குழியில் போட்டேன். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. மீதி வரிகளை இறுக்கிக் கட்டி மெஷினுக்கு அனுப்பினேன். நோட்டீஸ் சுவரெல்லாம் ஏறியது. பட்டியல் மாறவில்லை. நீங்கள் மறுபடி மட்டையைத் தொடவும் இல்லை.

போன வருடம் நீங்கள் மிஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சொல்லிவிடுவது என்றுதான் பஸ் ஏறினேன். என்னைக் கண்டதும் நர்ஸம்மாவிடம், "இவன நம்பி என்ன வேணாலும் சொல்லலாம், சிஸ்டர். வெளிய போகாது" என்றீர்கள். நான் ஆரஞ்சுப் பழத்தை உரித்து, நார் எடுத்து, சுளைகளை உங்கள் கையில் வைத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். நேரம் ஆகியிருக்கவில்லை. பத்து நாளில் நீங்கள் போய்விட்டீர்கள்.

இப்போது எங்கள் அச்சாபீசில் பரீட்சைக் கேள்வித்தாள் அடிக்கிறோம். அந்த அறைக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார் முதலாளி. என்னைவிட மூத்தவர்கள் இருக்கிறார்களே என்று கேட்டேன். நீங்கள் எப்போதோ அவரிடம் என்னைப் பற்றிச் சொல்லியிருந்தீர்களாம்.

சாவி என் இடுப்பில்தான் தொங்குகிறது, அண்ணாச்சி.