பூரண குணம் என்று போட்டது

சின்னக்குட்டிக்கு அப்பா ஆசையோடு எழுதுவது. இங்கே உடம்புக்கு யாருக்கும் குறைவில்லை, அம்மாவின் முட்டிவலிகூட அடங்கியிருக்கிறது. உன் இருமல் விட்டதா, அதை முதலில் எழுது. மனசுதான் இங்கே ஒருவருக்கும் சரியில்லை. போனில் சொல்லலாம் என்றால் உன் அண்ணன் பக்கத்திலேயே இருக்கிறான், அதனால்தான் கடிதம்.

அவனுடைய பிசியோதெரபி நிலையத்தில் நாங்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்த கதை உனக்குத் தெரியும். நீ செய்துகொடுத்த வலைத்தளம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் யாராவது இணையத்தில் தேடினால் மூன்றாவது பக்கத்துக்கும் கீழே எங்கோ கிடந்தது. இவன் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, ஜனங்கள் என்ன வார்த்தை போட்டுத் தேடுகிறார்களோ அதுவே தலைப்பிலும் உள்ளேயும் இருக்க வேண்டும், அதற்குக் கீவேர்டு என்று பெயர் என்று எனக்கே பாடம் எடுத்தான். பக்கவாதம் வந்தவர்களின் குடும்பத்தார் அதிகமாகத் தேடுவது ‘பூரண குணம்’ என்றானாம் எவனோ. நீ ‘பக்கவாதத்துக்குப் பின் பயிற்சி’ என்று எழுதியிருந்ததை எடுத்துவிட்டு ‘பக்கவாதம் பூரண குணம்’ என்று பெரிதாகப் போட்டான், கீழேயும் நாலைந்து இடத்தில் தூவினான். கொஞ்ச நாளில் தளம் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பதற்கு உட்கார்ந்திருக்கும் எனக்கு டீ குடிக்க நேரமில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

போன வாரம் ஒரு அம்மா தன் வீட்டுக்காரரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தாள். தையல் கம்பெனியில் வேலையாம், லீவு போட்டுவிட்டு பஸ் மாறி மாறி வந்திருக்கிறாள். அவருக்கு வலது பக்கம் கை கால் விழுந்து வருஷக்கணக்காகிறது, பேச்சும் குழறல். உட்கார்ந்ததும் போனில் நம்ம பக்கத்தைத் திறந்து என்னிடம் காட்டி, பூரண குணமாக எத்தனை வாரம் ஆகும், நான் அதற்குத் தகுந்தபடி லீவு சொல்லணும் என்று கேட்டாள். டாக்டர் சொல்வார் என்று உன் அண்ணன் அறையைக் காட்டி மழுப்பினேன்.

அண்ணன் அவரை உள்ளே கூட்டிப்போய் வெகுநேரம் பார்த்தான். வெளியே வந்து மறைக்காமல் சொன்னான், பழையபடி ஆகாது, ஆனால் விடாமல் பயிற்சி செய்தால் தம்ளரைத் தானே பிடிக்கலாம், சட்டையைத் தானே மாட்டலாம் என்று. அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. “அப்ப அந்த வார்த்தைய எதுக்குப் போட்டீங்க?” என்றாள். எல்லாரும் அதைத்தான் தேடுகிறார்கள் என்று இவன் சொல்லிவிட்டான். “நாங்க தேடத்தான் செய்வோம். இருக்குன்னு சொன்னது நீங்கதானே.” அவ்வளவுதான், எழுந்து போய்விட்டார்கள்.

அன்றைக்கு அவன் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்தான். அந்த வார்த்தையை எடுத்துவிடுடா என்றேன். எடுத்தால் திரும்பக் கீழே போய்விடுவோம், வாடகை நீங்களா கட்டுவீர்கள் என்று எரிந்து விழுந்தான். இரண்டு நாள் கழித்து யாரிடமும் சொல்லாமல் அவனே எல்லா இடத்திலும் எடுத்துவிட்டான். அந்த அம்மாவுக்கும் போன் போட்டிருக்கிறான், போனை எடுத்தது அவள் வீட்டுக்காரர். அவர் குழறிக் குழறி ஏதோ சொல்ல, இவனுக்கு ஒன்றும் புரியவில்லை, நானே வீட்டுக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். நேற்று போனான், துணைக்கு நானும் போனேன். கதவைத் திறந்தவள் நாற்காலியில் குவிந்திருந்த துணியை அள்ளி மாற்றிவிட்டு ஒதுங்கி நின்றாள். இவன் உட்கார்ந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிக்கொடுத்தான்.

இப்போது போன் முன்னைப்போல அடிப்பதில்லை, அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உனக்குத்தான் இந்த வேலை தெரியும். நம்மால் செய்ய முடிந்ததையும் யாராவது ஏதாவது ஒரு வார்த்தை போட்டுத் தேடாமலா இருப்பார்கள்? ‘கை விரல் மடங்கவில்லை’, ‘நடக்கும்போது கால் இழுக்கிறது’ இப்படி. அந்த வார்த்தைகளைக் கண்டுபிடித்து நம்ம பக்கத்தில் போட்டுக்கொடு. மேலே வர நாளானாலும் ஆகட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, எந்நேரமும் கம்ப்யூட்டரே கதி என்று இருக்காதே. நீ நினைத்தது எல்லாம் நடந்து நிறைவாக இருக்க வேண்டும், அம்மாவும் அதையேதான் சொல்லச் சொன்னாள். மறந்துவிடாதே, நான் எழுதியதாக அண்ணனிடம் மூச்சுவிடாதே, சும்மா கூப்பிட்ட மாதிரி கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று மட்டும் முதலில் கேள்.

உன்னையே நினைத்திருக்கும்,
அப்பா