பேத்தைச் சினையும் வெள்ளி மோதிரமும்

ஜூன் 4, திங்கள்
கச்சான் காற்று. கடை முழுக்கப் புழுதி. மண்ணெண்ணெய் இல்லை. தீப்பெட்டி இரண்டு கட்டு. சவர்க்காரம் வருகிறதாம், ஒரு கிழமையாக வருகிறது.

கடலுக்குப் போகத் தடை. கரையோரம் வலை போட்டால் பேத்தைதான் ஏறுகிறது, தொட்டால் பந்துபோல் ஊதும் அந்த நச்சு மீன். கீரி என்ற கரையோரக் கிராமத்திலிருந்து மேரியம்மா அதையே உரித்துக் காயவைத்துக் கொண்டுவந்தார். கருவாடு ஒரு கட்டு, காய்ந்த சினை ஒரு பொதி.

“பயப்படாதேங்கோ முதலாளி. உப்பும் வெயிலும் பட்டா நஞ்சு எங்க நிக்கும்?”

“எனக்குக் கதை வேண்டாம். சோதிச்சுப் பாக்கோணும்.”

“பாருங்கோவன். விரலில கிடக்கிறது வெள்ளிதானே?”

கருவாட்டில் ஒரு துண்டை அவித்து, கொதிநீரில் மோதிரத்தைப் போட்டேன். நஞ்சென்றால் வெள்ளி கறுக்கும். கறுக்கவில்லை. துண்டு பூனைக்கு. தின்றுவிட்டு வாசலில் படுத்து முகத்தை நக்கியது. சினையை அவிக்கவில்லை. நல்ல சாமான், வீணாக்குவானேன்.

ஜூன் 5, செவ்வாய்
பூனை சுகம்.

சினைப் பொதியைப் பாலம் தாண்டி அக்கரைக்கு, தங்கச்சி வீட்டுக்கு, மாவு லொறிக்காரரிடம் கொடுத்துவிட்டேன். அவள் மகள் செல்விக்குப் பிள்ளை பிறந்து சனிக்கிழமையோடு முப்பத்தொரு நாள். அன்றுதான் பத்தியம் முடிகிறது. சினை தின்றால் பால் சுரக்கும் என்பார்கள். கூடவே ஒரு கடிதத் துண்டு: ‘நானே சோதித்தது. பயமில்லை. முப்பத்தொன்றுக்கு ஆக்கு. நானும் வருவேன்.’

தங்கச்சியும் நானும் மலைநாட்டை விட்டு ஒன்றாகத்தான் வந்தோம். அவள் காடு வெட்டிக் குடியேறினாள். நான் தீவுக்குள் வந்து கடை போட்டேன்.

ஜூன் 6, புதன்
விடியப்புறம் பாலத்துப் பக்கம் வெடிச்சத்தம். பாதை பூட்டு. போக்குமில்லை, வரவுமில்லை.

ஜூன் 7, வியாழன்
மேரியம்மாவின் புருஷன் ஆஸ்பத்திரியில் என்று கடையில் பேச்சு. செய்வினை என்றார் ஒருவர். போய்ப் பார்த்தேன். உதடு முதலில் மரத்ததாம், பிறகு நாக்கு, பிறகு கைகால். இரண்டு பேர் மாறி மாறிப் பையை அமுக்கி மூச்சுக் கொடுக்கிறார்கள். கண் திறந்தபடி. ஓரத்தில் கண்ணீர்.

“அவருக்கு எல்லாம் விளங்குது,” என்றார் அங்கே வைத்தியம் பார்க்கிற அப்போதிக்கரி ஐயா. “அசையத்தான் ஏலாது. பேத்தைச் சினை திண்டவர்.”

“காய்ஞ்சதோ?”

“ஓம். காய்ஞ்சா என்ன, அவிச்சா என்ன? உப்புக்கும் போகாது, நெருப்புக்கும் போகாது.”

“வெள்ளி மோதிரம் கறுக்கேல்லையே ஐயா.”

“அவிச்ச முட்டையில போட்டுப் பாருங்கோ, கறுக்கும். முட்டை நஞ்சோ? இந்த நஞ்சு வெள்ளியை ஒண்டும் செய்யாது.”

“பூனை திண்டது. ஒண்டும் செய்யேல்லை.”

“பூனைக்கு என்ன குடுத்தனீங்கள்?”

“தசை.”

“தசையில சில வேளை இராது. சினையிலயும் ஈரலிலயுந்தான் கூட. மாத்து மருந்தும் இல்லை. மூச்சு நிக்காமப் பாத்தா சில பேர் தப்புவினம்.”

தங்கச்சி இருக்கிற பக்கம் ஆஸ்பத்திரியே இல்லை.

ஜூன் 8, வெள்ளி
மேரியம்மாவின் புருஷன் விடிய முடிந்துவிட்டார்.

பாஸ் கேட்டு அரசாங்கக் கச்சேரி. ஆமி முகாம். திரும்பவும் கச்சேரி. “பாதை திறக்கட்டும், பாப்பம்.” முகாமில் பெரியவருக்குச் சிங்களத்தில் விளக்கினேன், நஞ்சு மீன் என்று. சிரித்தார்.

மிச்சக் கருவாட்டைப் பின்வளவில் புதைத்தேன். பூனை போய்க் கிளறுகிறது. கல் ஏற்றினேன்.

செய்வினை, கண்ணூறு என்று வருகிறவர்களை நக்கலடிக்கிறவன் நான். கண்ணால் கண்டால்தான் நம்புவேன் என்பேன். கண்ணால்தான் கண்டேன்.

ஜூன் 9, சனி
7.00. பாதை திறந்தது. பாஸ் கையில்.

9.30. சோதனைச்சாவடி வரிசை. முன்னால் நாற்பது பேர். ஒவ்வொருவருடைய பையையும் கொட்டிக் கிளறுகிறார்கள்.

11.15. முன்னால் இருபத்திரண்டு. முந்திப் போக விடச்சொல்லிக் கெஞ்சினேன். “எல்லாருக்கும் அவசரந்தான் முதலாளி,” என்றார் முன்னால் நிற்கிற கிழவர். “இஞ்ச உங்கட கடை அதிகாரம் செல்லாது.”

12.40. அக்கரையிலிருந்து வருகிறவர்கள் கம்பிக்கு அந்தப் பக்கம். அதில் தங்கச்சியின் பக்கத்து வீட்டு முனியாண்டி. கத்திக் கூப்பிட்டேன்.

“சினையைத் தின்ன வேணாம்னு சொல்லு! நஞ்சு!”

எதிர்க்காற்றில் அவனுக்குக் கேட்கவில்லை. காதில் கைவைத்துச் சிரிக்கிறான்.

“வெரசா போங்கண்ணே! பத்து மணிக்கே எலை போட்டாச்சு. சினைக் கறிய செல்விக்குத்தான் மொதப் பரிமாறுனாங்க. ஒங்க பங்கத் தனியா எடுத்து மூடி வச்சிருக்கு தங்கச்சி.”

முன்னால் இன்னும் ஒன்பது பேர்.