தக்காளி இல்லாத சிவப்பு

மார்ச் 3, ஞாயிறு

அடுப்பங்கரை விஞ்ஞானிக்கு,

போனில் பேசினால் சண்டையில் முடிகிறது. அதனால் எழுதி நம் பெண் வாலுவின் பையிலேயே வைக்கிறேன். நீ கொடுத்தனுப்பிய பாட்டிலைத் திறந்தேன். கேரட், பூசணி, பீட்ரூட் மூன்றையும் வேகவைத்து அரைத்து, அதற்கு சாஸ் என்று பெயரும் வைத்திருக்கிறாய். அந்தத் தைரியத்தை மெச்சுகிறேன். வாசம் மண், நிறம் விபத்து. பாஸ்தாவுக்கு இந்தத் துரோகத்தை என் எதிரிகூடச் செய்யமாட்டான்.

பதினெட்டு வருஷமாக ஹோட்டலில் சாஸ் அடுப்பில் நிற்கிறேன். நான் வைத்ததை இதுவரை ஒருத்தரும் துப்பியதில்லை. என் மகள் ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டுக்கு வந்து ஆஸ்பத்திரிக் கஞ்சி குடிக்க வேண்டுமா? தக்காளி ஒவ்வாமையாம்! எங்கள் வம்சத்திலேயே கிடையாது.

பாட்டிலைக் கழுவி அனுப்புகிறேன். உள்ளே இருந்தது எங்கே என்று கேட்காதே.

நாக்கு இன்னும் செத்துப்போகாதவன்

மார்ச் 10, ஞாயிறு

வாலுவின் அப்பாவுக்கு,

நான் கேட்கவில்லை, வாலுவே சொல்லிவிட்டாள். நீங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு குப்பைத்தொட்டியில் கொட்டியதை நடித்தும் காட்டினாள். அன்று மத்தியானம் அவள் வெறும் பாஸ்தாவில் உப்புத் தூவித் தின்றிருக்கிறாள். பதினெட்டு வருஷ அனுபவம் தட்டில் போட்டது அவ்வளவுதான்.

நீங்கள் பிடித்த முயலுக்கு என்றைக்கும் மூன்றே கால். ஒன்பது வருஷம் அந்தக் காலை எண்ணிப் பார்த்துச் சலித்துத்தான் நான் தனியாக வந்தேன். ஆனால் வாலுவின் கையில் ஊசி குத்திப் பார்த்து டாக்டர் சொன்னது, தக்காளி ஆகாது என்று. போன தடவை உதடு வீங்கியது, அடுத்த தடவை தொண்டையாக இருக்கலாம் என்றும் சொன்னார். உங்கள் வம்சத்தில் ஒவ்வாமை கிடையாதுதான். அடுத்தவர் சொல்வதைக் கேட்கும் காதும் கிடையாது.

இன்றைக்கு இரண்டு பாட்டில். சிவப்பில் எலுமிச்சை கூட்டியிருக்கிறேன். வெள்ளை, காலிஃப்ளவரை வேகவைத்துப் பூண்டோடு அரைத்தது. வாராவாரம் அனுப்புவேன். அவளுக்கு உங்களைப் பார்க்க வேண்டும், அதற்காக மட்டும்.

வாலுவின் அம்மா

மார்ச் 17, ஞாயிறு

மேதைக்கு,

காலிஃப்ளவர் சாஸ்! சுவருக்கு அடித்தால் நன்றாகப் பிடிக்கும். பீட்ரூட்டை யாராவது தண்ணீரில் வேகவைப்பார்களா? தோலோடு சுட வேண்டும், அப்போதுதான் மண்வாசம் போகும். உனக்குச் சொல்லி என்ன பிரயோஜனம், கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

ஒரு சேதி. இன்றைக்கு உன் சிவப்புக் கூழில் என் தக்காளி சாஸை மூன்று கரண்டி கலந்தேன். வாலுவிடம்கூடச் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். தட்டை வழித்துத் தின்றாள். "நல்லா இருக்காடா?" என்று கேட்டேன். "சூப்பர்ப்பா" என்றாள். இதோ, பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். உதடு உதடாகத்தான் இருக்கிறது. உன் டாக்டரிடம் போய்ச் சொல்.

ஜெயித்தவன்

மார்ச் 20, புதன்

ஜெயித்தவருக்கு,

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். ஞாயிறன்று உங்கள் வீட்டுக்குக் கீழே வந்து அவளை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இரண்டாவது ஸ்டாப்பில் உதடு தடித்தது. நாலாவதில் மூச்சு இழுத்தது. இறங்கி டாக்ஸி பிடித்து ஓடினேன். ஊசி போட்டு ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள், நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

திட்டுவதற்காக எழுதவில்லை. திட்டு வாங்கவும் ஒரு தகுதி வேண்டும், உங்களுக்கு அது போய்விட்டது.

முதல் வாயிலேயே தக்காளி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதாம். நாக்கு அரித்ததாம். "அப்புறம் ஏன்டி தின்னே? துப்பியிருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"அப்பா பார்த்துக்கிட்டே இருந்தாரும்மா. துப்பினா அவரு மூஞ்சி சுண்டிப்போயிடும்" என்றாள்.

அவளுக்கு ஏழு வயது. இனி ஞாயிறு கிடையாது. உங்களிடம் இருக்கும் பாட்டில்களைக் கழுவ வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள்.

வாலுவின் அம்மா

ஏப்ரல் 7, ஞாயிறு

வாலுவின் அம்மாவுக்கு,

இதைக் கொண்டுவர வாலு இல்லை. நானே வந்து பாட்டிலோடு உன் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போகிறேன். பெல் அடிக்கமாட்டேன்.

இரண்டு வாரமாக உன் சிவப்பு சாஸைத்தான் வைத்துப் பார்க்கிறேன். முதல் இரண்டு தடவை குப்பைக்குத்தான் போனது. நீ அனுப்பியதைவிட மட்டம். மிக்ஸி, பலகை, கத்தி எல்லாம் புதிது, தக்காளி தொடாதவை. பீட்ரூட்டைச் சுட்டேன், பூசணியைக் குறைத்தேன், எலுமிச்சையைக் கடைசியில் பிழிந்தேன். உன் கேரட்டை அப்படியே விட்டுவிட்டேன், அது சரியாகத்தான் இருந்தது.

ஊரில் இருக்கிறவன் நாக்குக்கெல்லாம் ருசி பார்த்தவன், எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் வாயைப் பார்க்கவில்லை. தூ, நானும் ஒரு சமையல்காரன். நீ எழுதியது குறைச்சல்தான்.

ஞாயிறு கேட்டு எழுதவில்லை. நீ முதலில் ருசி பார். அப்புறம் வாலுவுக்கு ஒரு ஸ்பூன் கொடு. பிடிக்கவில்லை என்றால் துப்பச் சொல். என்றைக்காவது என் எதிரே உட்கார்ந்து சாப்பிட நேர்ந்தால், அப்போதும் துப்பலாம் என்று சொல். நான் கையை நீட்டி வாங்கிக்கொள்வேன்.

வாலுவின் அப்பா