கால் ஆணிக்குக் கொண்டுவந்த ஆசிட்

அக்கா,

இன்று மத்தியானம் ரப்பர் தோட்டத்து டிரஸ்ஸரின் மருந்தறை வாசலில் ஒரு பேசின் நிறைய வெந்நீர் இருந்தது. புல் வெட்டுகிற ஆள் ஒருவர் அதில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சோப்பு வாடை, ஊறிய தோலின் வாடை. கைக்காயத்துக்கு மருந்து போடப் போன நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

புதிதாக வந்திருக்கும் டிரஸ்ஸருக்கு என் வயதுதான் இருக்கும். கால் மணி நேரம் ஊறவிட்டான். பிறகு சொரசொரப்பான கல் ஒன்றால் கால் ஆணியின் மேல்தோலை மெதுவாகத் தேய்த்தான்.

"இன்னிக்கு இவ்ளோ போதும். தினம் கொஞ்சமாத் தேச்சாத் தானா தேஞ்சிரும். கத்தி, பிளேடு எதுவும் கிட்ட போகக் கூடாது" என்றான். தேங்காய் எண்ணெய் தடவினான். பஞ்சை வளையமாகச் சுருட்டி, ஆணி நடுவில் அழுந்தாமல் இருக்கும்படி சுற்றி ஒட்டினான். "சப்பாத்து காலுக்குச் சரியா இல்லைன்னா திரும்ப வரும். ஒங்களுக்கு இனிப்பு நீர், சக்கர வியாதி இருக்கா? இருந்தா நீங்களா எதையும் தொடாதீங்க, நேரா இங்க வந்துடுங்க."

அவ்வளவுதான் அக்கா. ஒரு பேசின் தண்ணீரும் கொஞ்சம் பஞ்சும். எனக்கு அழுகை வரவில்லை. நீ போன நாளிலும் வரவில்லை. மருந்து போட்டுக்கொண்டு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

சப்பாத்தே போடாதவள் நீ. உன் லயத்து வீட்டுக்குப் பின்னாலேயே நீ பட்டை சீவிப் பால் வெட்டும் மர நிரை இருந்தது. படி இறங்கினால் மரம். அவசரகாலம் என்று சொல்லி வெள்ளைக்காரர்கள் லயங்களைப் பிரித்து, எல்லோரையும் சாலையோரம் கொண்டுவந்து கம்பி வேலிக்குள் வைத்தார்கள். மரங்களை யாரும் நகர்த்தவில்லை. அதே நிரைக்குப் போக மூன்று கல் தூரம், திரும்ப மூன்று கல், சரளை ரோட்டில் நடந்தாய். கடையில் ஆண்கள் போடும் ரப்பர் சப்பாத்துதான் இருந்தது. அது தொளதொளவென்று உரசி உரசிச் சிறுவிரல் ஓரத்தில் காய்ப்பு வந்தது, பிறகு ஆணி வந்தது. உள்ளே பழந்துணியை மடித்து வைத்துக்கொண்டாய்.

காட்டில் துப்பாக்கியோடு இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாரோ சப்பாத்துக்குள் அரிசி கொண்டுபோகிறார்களாம். அதனால் வேலி வாசலில் தினமும் உன் சப்பாத்தைக் கவிழ்த்து, துணியை உருவிப் போட்டாள் சோதனைக்காரி.

"அப்படியே என் ஆணியையும் புடுங்கிப் பாரு தாயி, உள்ள ரெண்டு மணி அரிசி கெடந்தாலும் கெடக்கும்" என்றாய்.

வரிசையே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே துணியைக் குப்பையில் போட்டாள்.

அப்போதிருந்த பழைய டிரஸ்ஸர் உன் காலைப் பார்க்கவே இல்லை. வெள்ளை மாத்திரை இரண்டு கொடுத்தார். நீ நொண்டிக்கொண்டு நிரைக்கு வந்தால் வேலை வாங்கும் மண்டோர், "என்ன, பொண்ணு ஊர்வலம் வருதா? நடை ரொம்ப மெதுவா இருக்கே" என்பான். "மாப்பிள்ளையத் தேடிக்கிட்டு வரேன் மண்டோரே. ஒங்கள மாதிரி மட்டும் வேணாம்" என்பாய் நீ. வாய் உன்னுடையது. கால்தான் வீங்கிக்கொண்டே போனது.

ஒரு விடுமுறை நாளில் குழாயடியில் உட்கார்ந்து, மரத்தில் பால் வெட்டும் கத்தியால் ஆணியைச் சீவிக்கொண்டிருந்தாய். அந்தத் தோட்டத்தில் உன்னளவுக்கு மெலிதாகப் பட்டை சீவ ஆள் இல்லை. மரத்தில் காயம் பட்டது என்று உன்னை ஒருநாளும் ஒருவரும் திட்டியதில்லை.

"என்னக்கா இது?"

"மரத்துக்கே படாத காயம் என் காலுக்கா படும்? நீ போடா."

நானும் அதை நம்பினேன். பத்து நாளில் ஆணி முன்னைவிட ஆழமாக வந்தது.

"வேர் உள்ள கெடக்குடா தம்பி, கத்திக்கு எட்டல. ஒங்க ஸ்டோர்ல பால் ஒறைய ஊத்துற ஆசிட்டு இருக்குல்ல? ஒரு மூடி கொண்டா."

"கையில பட்டாலே எரியும்க்கா."

"எரியத்தானே கேக்குறேன். கடையில விக்கிற ஆணி மருந்தும் ஆசிட்டுதானாம்."

நான் வேலை செய்த ஸ்டோர் வேலிக்குள்ளேயே இருந்தது. என்னை யாரும் தடவிப் பார்க்கவில்லை. பால் தொட்டியில் ஊற்றும்போது நிறையத் தண்ணீர் கலந்துதான் ஊற்றுவோம். உனக்குக் கொண்டுவந்தது கலக்காத ஆசிட். சீக்கிரம் குணமாகட்டும் என்று நினைத்தேன். நீ மறுபடி சீவிய இடம் அன்று சிவப்பாகத் திறந்து கிடந்தது. தீக்குச்சியில் தொட்டு அதில் வைத்தாய்.

"வேல செய்யுதுடா" என்றாய்.

நாலு நாளில் விரல் கறுத்தது. வலியே இல்லை என்று சொன்னாய். நாங்கள் அதை நல்லது என்று எடுத்துக்கொண்டோம். அந்தக் காலோடு மேலும் இரண்டு நாள் பால் வெட்டப் போனாய். மூன்றாம் நாள் காலையில் காய்ச்சலில் எழுந்திருக்க முடியவில்லை. ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியிடம் ஓடினேன். லோரி பால் ஏற்றப் போகிறது, பாலை இறக்கிவிட்டு வந்த பிறகு பார்க்கலாம் என்றார். அன்று பாலுக்கு அடுத்ததுதான் நீ. சாயங்காலம்தான் லோரி வந்தது.

டவுன் ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு ஒரு பக்கம் உன் புருஷன், என் மாமா, நின்றார். மறுபக்கம் நான். எப்படி ஆனது என்று டாக்டர் கேட்டார்.

"நிரையில முள்ளு குத்திருச்சுங்க" என்றாய். என் பக்கம் நீ திரும்பவே இல்லை.

ஏன் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். ஸ்டோர் சாமான் வெளியே போனது என்றால் காட்டுக்காரர்களுக்குப் போனது என்றுதான் எழுதிக்கொள்வார்கள். அதற்கு முந்தின மாதம் டீக்கு ஊற்றும் டின் பால் இரண்டு வைத்திருந்தவனைப் போலீஸ்காரர்கள் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் இன்னும் வரவில்லை. டாக்டர் உன் காலைக் கிளறி முள்ளைத் தேடினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். உனக்கு இனிப்பு நீர் இருந்தது அங்கேதான் தெரிந்தது. விரலை எடுத்தார்கள். மூன்றாம் நாள் நீ இல்லை.

ஆசிட் என்று சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாயா, தெரியவில்லை. இன்று அந்த டிரஸ்ஸரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. லயத்தை மாற்றியவர்கள், துணியை உருவியவள், லோரியை அனுப்பாதவர் என்று ஒவ்வொருவராகத் திட்டிக்கொண்டு வருகிறேன். கடைசியில் என் பெயர் வருகிறது. அங்கே நிறுத்திவிடுகிறேன்.

மாமா இன்னும் முள்ளைத்தான் நம்புகிறார். தன் வேலை முடிந்ததும் புதர் வெட்டும் பாராங் கத்தியோடு உன் நிரைக்குப் போகிறார். இப்போது அங்கே வேறொரு பெண் பால் வெட்டுகிறாள். அவளுக்காகவாவது முள் இல்லாமல் சுத்தமாக இருக்கட்டும் என்கிறார். போன வாரம் என்னையும் கூப்பிட்டார். இரண்டு பேரும் குனிந்து, மரத்துக்கு மரம் துப்புரவு செய்துகொண்டே போனோம். ஓரிடத்தில் அவர் நின்றார். விரல் நீளம்கூட இல்லாத ஒரு முள்செடியை வேரோடு பிடுங்கி என்னிடம் நீட்டினார்.

"இதுதானாடா அது?"

வாங்கிப் பார்த்தேன்.

"இதுவாத்தான் இருக்கும் மாமா" என்றேன்.