ரோட்டில் போட்ட சாவீட்டுக் கதிரைகள்

மச்சாள்,

சாவீட்டுக் கதிரைகள் அடுக்கிக் கிடக்கிற கோயில் கொட்டிலை இன்று நான்தான் திறந்தேன். பூட்டிக் கிடந்த பிளாஸ்டிக்கின் சூட்டு மணம், உருகின மெழுகுதிரி மணம், அதற்குள் எங்கள் ஊர்க் கருவாட்டு மணம். எல்லாம் சேர்ந்து முகத்தில் அடிக்க, வாசலிலேயே நின்றுவிட்டேன். இந்தக் கதிரைகளைத் தூசி தட்டும்போது, "இப்ப குழிக்குள்ள கிடக்கிற எல்லாரும் ஒரு காலம் இதில இருந்து அழுதவைதானே" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்வீர்கள். இப்போது நீங்களும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டீர்கள்.

ஏன் திறந்தாய் என்று கேட்பீர்கள். அடுத்த தெரு டிலக்சியின் தமையன் பிணையில் வந்துவிட்டான். ஞாயிறுதோறும் பொலிசில் போய்க் கையெழுத்து வைக்க வேண்டுமாம். நாளைதான் முதல் ஞாயிறு. எங்கள் ரோட்டை விட்டால் பொலிசுக்கு வேறு வழியில்லை. அந்த ரோட்டில்தான் பிலோமினாவும் இருக்கிறாள். அவளுடைய மகனைக் குத்திக் கொன்றதாகத்தான் அவன் மேல் வழக்கு. "வரட்டும், திரும்பிப் போறானோ பாப்பம்" என்று செத்த பிள்ளையின் சிநேகிதர்கள் சந்தியில் நின்று சொல்கிறார்கள். அவன் எங்கள் பிள்ளை. இவர்களும் எங்கள் பிள்ளைகள். இன்னொரு பிள்ளையை அந்த ரோட்டில் விழ விடமாட்டேன்.

நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். எழுதினால் எனக்குத் துணிவு வரும்.

இரண்டு தெருப் பிள்ளைகளின் பந்து விளையாட்டில் தொடங்கிய சண்டை அது. கோல் சரி, கோல் பிழை என்று மைதானத்தில் கத்தினார்கள். அது ரியூசன் முடிகிற நேரம் கத்தியோடு ரோட்டுக்கு வந்தது. பிலோமினாவின் மகன் எங்கள் படலைக்கு முன்னால் விழுந்தான். என் பேத்தி ஜெனிற்றா புத்தகப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பார்த்து நின்றாள். ஏ.எல். சோதனை எடுக்க இருந்த பிள்ளை அதற்குப் பிறகு படலையைத் தாண்டவில்லை. அவள் மட்டுமா? இரண்டு தெருப் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றார்கள். தகப்பன்மார் தோணியை விற்று மகன்மாரை வெளிநாட்டுக்கு அனுப்பலாமோ என்று குசுகுசுத்தார்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கருவாடு காயப்போடுகிற வாடியில் வேலைக்கு ஆள் காணாது என்று மறித்துவிட்டார்கள். என்னை வேலை மறித்தது. என் பேத்தியைப் பயம் மறிப்பதா? குசினிக்குள் அடுப்படியில் இருந்து அழுதேன். நீங்கள் பின்வாசலால் வந்தீர்கள்.

"அழுது முடிஞ்சுதோ? எழும்படி, கதிரை எடுப்பம்."

எனக்கு விளங்கவில்லை. சாவீட்டுச் சங்கத்தின் கதிரைகள் சாவீட்டுக்கு மட்டும்தான் வெளியில் வரும். கலியாண வீட்டுக்கும் மன்னார் டவுனில் வாடகைக்கு எடுப்போமே தவிர, இவற்றைத் தொடமாட்டோம். சும்மா வெளியில் எடுத்தால் அடுத்த சாவைக் கூப்பிடுவது போல என்பது ஊரின் நம்பிக்கை. சங்கத் தலைவர் கொட்டில் பூட்டின் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "கூடாது அக்கா, ஊருக்குக் கூடாது" என்றார்.

"கதிரை உள்ளுக்க இருக்கேக்கதானே தம்பி, பொடியன் செத்தவன்?" என்றீர்கள்.

அவர் திறப்பைத் தந்தார்.

பள்ளிக்கூட வாசலில் தொடங்கி எங்கள் தெருமுனை வரைக்கும், நாலைந்து வீட்டுக்கு ஒரு கதிரை. பள்ளிக்கூடம் விடுகிற நேரம் ஒவ்வொன்றிலும் ஒரு பெண். ஒருத்தி றால் உரிப்பாள், ஒருத்தி கிழிந்த வலை பொத்துவாள், ஒருத்தி செபமாலை உருட்டுவாள். பிள்ளைகள் ஒரு கண்ணிலிருந்து அடுத்த கண்ணுக்கு நடந்து போக வேண்டும். அவ்வளவுதான் உங்கள் திட்டம்.

முதல் நாளே கூத்துத்தான். நறுவிலிக்குளத்திலிருந்து வந்த உங்கள் சின்னம்மாவின் மகள், பஸ்ஸுக்குள் இருந்து கதிரைகளைக் கண்டுவிட்டு, யாரோ போய்விட்டார்கள் என்று இறங்கித் தலையில் அடித்து ஒப்பாரி தொடங்கிவிட்டாள். உங்களைக் கண்டதும் பேய் அறைந்த மாதிரி நின்றாள். "எனக்குத்தான் அழுதனியோ? நல்லாத்தான் அழுதாய், மிச்சத்தை வைச்சிரு" என்றீர்கள். சந்தியில் நின்ற பொலிஸ்காரனும் வந்து, யார் செத்தது என்று கேட்டான். "இன்னும் ஒருத்தரும் இல்லை. அதுக்காகத்தான் இருக்கிறம்" என்று சொன்னீர்கள். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான்.

ஆண்கள் யாரும் வரவில்லை. ஒரு கழுதை மட்டும் உங்கள் குடை நிழலுக்குள் வந்து நின்றது. மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த ஆண்களுக்குக் கேட்க, "எங்கட சங்கத்தில ஆம்பிளை எண்டு இவர் ஒருத்தர்தான்" என்றீர்கள். அடுத்த நாள் தலைவரே ஒரு கதிரையில் வந்து இருந்தார்.

ஜெனிற்றாவை நீங்கள் ஒருநாளும் கெஞ்சவில்லை. எங்கள் படலைக்கு வெளியே ஒரு கதிரையைப் போட்டு, "இஞ்ச வந்து எனக்குப் பேன் பார்" என்று கூப்பிட்டீர்கள். அவள் வந்தாள். பிலோமினாவின் மகன் விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்து, உங்கள் நரைத்த தலையைக் கிளறினாள். பிறகொருநாள் அடுத்த கதிரை வரைக்கும் போய், அதன் முதுகைத் தொட்டுவிட்டு ஓடி வந்தாள். பிறகு அதற்கு அடுத்த கதிரை. வெள்ளை யூனிபோர்மோடு அவள் கடைசிக் கதிரையைத் தாண்டிப் பள்ளிக்கூட வாசலுக்குள் போன அன்று, நான் றால் சட்டியைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டேன். கழுதைக்குக்கூடச் சிரிப்பு வந்திருக்கும்.

டிலக்சியின் வீட்டுக்கு முன்னால் போட்ட கதிரையில் இருக்க யாரும் வரவில்லை. நீங்களே போய் இருந்தீர்கள். "கொலைகாரன்ட வாசலில குந்த வெட்கமில்லையோ?" என்று ஒருத்தி கேட்டாள். "அந்த வீட்டில படிக்கிற பிள்ளையும் இருக்கு" என்றுவிட்டு நீங்கள் வெற்றிலை போட்டீர்கள்.

அப்போதுதான் பிலோமினா வந்தாள். கறுப்புச் சீலை. உங்கள் முன்னால் நின்று, "எழும்புங்கோ" என்றாள். நீங்கள் எழும்பினீர்கள். அடிக்கப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் கதிரையைத் திருப்பிப் போட்டு, அந்த வீட்டுக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த டிலக்சி அவளைக் கண்டதும் நடு ரோட்டில் மரமாக நின்றுவிட்டாள். பிலோமினா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வெயில் சுடுது. நட பிள்ளை."

அவள் மன்னித்துவிட்டாள் என்று ஊர் கதைத்தது. அவள் மன்னிக்கவில்லை. ஆனால் வந்து இருந்தாள். சோதனை முடியும் வரைக்கும் அந்தக் கதிரை அவளுடையதாக இருந்தது.

ஜெனிற்றா இப்போது யாழ்ப்பாணத்தில் நேர்சிங் படிக்கிறாள், மச்சாள். யூனிபோர்மோடு எடுத்த படத்தை மீன் சந்தையில் எல்லாருக்கும் காட்டிவிட்டேன். "ஆச்சி, பாரையை வாங்கிறியளோ, பேத்தியை விக்கிறியளோ?" என்று மீன்காரன் பகிடி பண்ணுகிறான். பண்ணட்டும். டிலக்சி சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள்.

இரத்தத்தில் ஏறின சீனி வருத்தம் உங்கள் காலைத் தின்று, பிறகு உங்களையே கொண்டு போனது. அதே கதிரைகள் உங்கள் வாசலுக்கு வந்தன. தலைவர் தானே சுமந்து வந்து போட்டுவிட்டு, "இண்டைக்குத்தான் இதுக்கு உரிய வேலை" என்றார். எனக்குக் கோபம் வந்தது. உரிய வேலையை நீங்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டீர்களே.

இன்று பின்னேரம் பிலோமினாவிடம் போனேன். அவள் சூடை மீனுக்குச் செதில் தட்டிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் கதிரை போடுறம், பிலோமினா."

"ஆருக்கு?"

"ஆருக்கெண்டு உனக்குத் தெரியும்."

கத்தி நின்றது. "என்ட வாசலில போடாதேங்கோ அக்கா."

சரி என்று எழும்பினேன். வற்புறுத்த எனக்கு என்ன உரிமை? படலையைத் திறக்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"சந்தியில போடுங்கோ. அந்தப் பெடியள் நிக்கிற இடத்தில. என்ட பிள்ளையின்ட பேரைச் சொல்லி ஆரும் கத்தி எடுக்கிறதெண்டா, எனக்கு முன்னால எடுக்கட்டும்."

எனக்குப் பயமில்லை என்று சொன்னால் பொய். கொட்டிலுக்குள் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். முதல் நாள் ரோட்டில் நான் நடுங்கிக்கொண்டு நிற்க, நீங்கள் தோளில் கை வைத்து அமத்தினீர்கள். "எடியே, நிண்டாத்தான் கால் நடுங்கிறது தெரியும். இரு." அந்தச் சொல்லை நான் இன்னும் விடவில்லை, மச்சாள்.

நாளைக்குப் பூசை முடிந்ததும் சந்தியில் இரண்டு கதிரை. ஒன்றில் பிலோமினா, மற்றதில் நான். அவன் பொலிசுக்குப் போய்த் திரும்பி வந்து தன் படலைக்குள் போகும் வரைக்கும் எழும்பமாட்டோம்.