தபசுகாலமும் வெயில் களிம்பும்

1938 மார்ச் 7, திங்கள்
கோயில் மேல்தளம் போடத் தொடங்கினோம். உயிர்த்த ஞாயிற்றுக்குள் முடிக்கவேண்டும். நான் போட்ட தளம் எதுவும் ஒழுகியதில்லை. ஒழுகுகிறது என்று சொன்னவர்கள்தான் உண்டு. வெண்படை விழுந்த இடமெல்லாம் வெயிலில் வெந்துபோகிறது. காதோரச் செதில் பழைய குடித்தனக்காரன். உதட்டுப் புண் மட்டும் ஆறமாட்டேன் என்கிறது. என் உதடு, வேறு எப்படி இருக்கும்?

மார்ச் 9
மகள் சகாயசெல்வி டாக்டரிடம் இழுத்துப்போனாள். "வெளுத்த தோலு வெயிலைத் தாங்காது மேஸ்திரி. புண்ணு ஆறலேன்னா சாரம் ஏறக் கூடாது. அப்புறம் கத்திதான்." ஏறாவிட்டால் நான் எதற்கு மேஸ்திரி?

மாப்பிள்ளை அமலநாதன் கப்பல்காரர்களிடம் சொல்லி, பிரான்சிலிருந்து வந்த வெயில் களிம்பு ஒரு குழாய் வாங்கிவந்திருக்கிறார். "தினமும் வெயில்ல போறதுக்கு முன்னாடி உதடு, காது, பிடரி எல்லாம் கெட்டியா தடவணும் மாமா. வேர்த்து வழிஞ்சா மறுபடியும்." வெயிலைப் பற்றி எனக்குப் பாடம்! ஆபீஸ் மேசைக்கடியில் வெயில் அதிகம் போலும்.

மார்ச் 10
தபசுகாலம், நாற்பது நாள் நோன்பு. கறி இல்லை, மீசைக்கு எண்ணெய்கூட இல்லை. இதில் பிரெஞ்சு வாசனையோடு சாரம் ஏறுவதா? ஞாயிறு நோன்பு நாளல்ல. ஞாயிற்றுக்கிழமை பூசிக்கொள்கிறேன். யாரும் குறைசொல்ல முடியாது.

மார்ச் 13, ஞாயிறு
கடலை அளவு பூசிக்கொண்டு பூசைக்குப் போனேன். ஒரு மணி நேரம் கூரைக்கடியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கொப்புளம்கூட இல்லை. களிம்பு நன்றாகத்தான் வேலை செய்கிறது.

மார்ச் 16
உதட்டில் ரத்தம். சுண்ணாம்புத் தளத்தைக் கட்டையால் தட்டும் அஞ்சலாட்சி கேட்டாள்: "கோயிலுக்குள்ளதான் வெயிலு ஜாஸ்தியா மேஸ்திரியாரே?" பெண்கள் அத்தனை பேரும் கட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். சுண்ணாம்பு இறுகுவதைப் பற்றி ஒருத்திக்கும் கவலையில்லை.

மார்ச் 23
புண் ஆற டாக்டர் ஒரு வாரம் கெடு வைத்தார், இல்லையென்றால் கத்தி. வெளியே வந்ததும் செல்வி அழுதாள். "சாமிய சாக்கு சொல்லி எங்கள கொல்லாதப்பா." வேறு மேஸ்திரி பார்க்கலாமா என்று மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார். மெதுவாகக் கேட்டால் வலிக்காதாம்.

மார்ச் 24
பங்குச் சாமியாரிடம் போனேன். அவராவது என் பக்கம் பேசுவார் என்று. "நோன்பு வயித்துக்குத்தான்யா. தோலுக்கு யார் சொன்னது?" சரி. நெற்றிக்கும் உதட்டுக்கும் தினமும் பூசுகிறேன். காதுக்கு எதற்கு? அது கேட்பதற்கு, அதுவும் வேண்டியதை மட்டும்.

மார்ச் 30
உதட்டுப் புண் சுருங்குகிறது. கத்திக்குத் தப்பினேன். என் உடம்பு அப்படி.

ஏப்ரல் 4
காதுச் செதில் வெடித்துவிட்டது. டாக்டர் ஓரத்தை வெட்டி எடுத்துவிட்டார். ஒரு வாரம் கீழேயே இருக்கவேண்டுமாம். காதுக்கும் பூசவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

சொன்னார்கள்.

ஏப்ரல் 12
காதில் கட்டோடு சாரம் ஏறினேன். தளம் முடியப்போகிறது. ஏறுவதற்கு முன் உதடு, பிடரி, நெற்றி, மற்ற காது — எல்லாம் கெட்டியாக. உச்சிவெயிலில் வேர்த்ததும் துடைத்துவிட்டு மறுபடி. அஞ்சலாட்சி பார்த்துவிட்டுக் கட்டையை எடுத்துத் தட்டத் தொடங்கினாள். கேலி செய்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

குழாய் காலி. சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுக்கு நடந்துபோய், இன்னொன்று வேண்டும் என்று கேட்டேன். செல்வியை விட்டுக் கேட்கச் சொல்லவில்லை. நானே கேட்டேன்.